சத்து மாத்திரை

போன வாரம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வழக்கமான மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். கடைப் பையன் பில் போடும்போது, "சார், சத்து மாத்திரை ஒரு வருசமா வாங்கல்லியே, வேற கடையில வாங்குதியளா?" என்று கேட்டான். கோபமாக இல்லை, கொஞ்சம் வருத்தமாகத்தான் கேட்டான். "வேற கடையிலும் வாங்கவில்லை தம்பி, நிறுத்திவிட்டேன்" என்றேன். "ஏன் சார், நல்லதுதானே?" என்றான். பின்னால் நாலு பேர் நின்றார்கள். நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது 2010-இல், புதுச்சேரி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில். பாரிஸில் இருக்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் இரண்டு பெரிய புட்டிகள் கொண்டுவந்தான். "மாமா, அறுபது தாண்டியாச்சு, தினமும் ஒன்று போடுங்க, அங்கே எல்லோரும் போடுறாங்க" என்றான். அங்கே எல்லோரும் செய்கிறார்கள் என்றால் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு மறுபேச்சு ஏது? அடுத்த ஆண்டு மனைவியின் ஊரான இந்தத் திருவட்டாறுக்குக் குடிவந்தோம். புட்டிகள் தீர்ந்ததும் உள்ளூர்க் கடையில் பட்டை பட்டையாக வாங்க ஆரம்பித்தேன். 2016 முதல் மனைவிக்கும் சேர்த்து. காலைக் காப்பிக்குப் பிறகு எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

சின்ன வயதிலேயே எனக்கு வைட்டமின் பழக்கம்தான். காரைக்காலில் எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு கரண்டி மீன் எண்ணெய் ஊற்றுவார். 'உய்ல் த் ஃபுவா த் மொரு' என்று பள்ளியில் அதற்குப் பெயர். காட் மீனின் ஈரல் எண்ணெய். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் ஒரு சர்க்கரைக் கட்டி கிடைக்கும். அந்த எண்ணெயில் ஏ-யும் டி-யும் நிறைய உண்டு என்பது பிற்காலத்தில் தெரிந்தது. இந்தப் பக்கத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காட் எண்ணெய் இறக்குமதி நின்றுபோக, திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் நம் கடலின் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்க ஏற்பாடு செய்தன. அன்று இந்த ஊரெல்லாம் திருவிதாங்கூர்தான்.

'வைட்டமின்' என்ற சொல்லே 1912-இல்தான் பிறந்தது. போலந்துக்காரரான காசிமிர் ஃபங்க் லண்டனில் இருந்தபோது உண்டாக்கியது. முதலில் அதன் கடைசியில் ஓர் 'ஈ' எழுத்து இருந்தது. ஆங்கிலேயர்கள் பிறகு அதை வெட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை அந்த எழுத்தோடுதான் எழுதுகிறார்கள். பழைய வாத்தியார்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். இருக்கட்டும்.

அரிசி விஷயம் இதைவிட முக்கியமானது. தீட்டிய பச்சரிசியே முக்கால் உணவாக இருந்த இடங்களில் 'பெரிபெரி' என்ற நோய் வந்தது. கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயம் நின்றுபோகும். பழைய சென்னை மாகாணத்தில் வடக்கே ஆந்திரக் கடலோரத்தில் அது அதிகம். புழுங்கலரிசி சாப்பிட்ட தென் மாவட்டங்களில் அது அவ்வளவாக இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இந்த நோயை ஆராயத்தான் 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. எங்கள் வீட்டுச் சிவப்புப் புழுங்கலரிசிச் சோற்றைப் பார்த்து, "பச்சரிசி கிடையாதா?" என்று கல்யாணமான புதிதில் முகம் சுளித்தவன் நான். என் மாமியார் காதில் விழாதது மாதிரி இன்னொரு அகப்பை போட்டார்.

ஆக, வைட்டமின் குறைந்தால் நோய் வரும், கொடுத்தால் நோய் போகும். இது நிரூபிக்கப்பட்ட உண்மை. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குறையே இல்லாதவன் தினமும் மேலே மேலே போட்டுக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பதின்மூன்று வருடம் ஓட்டினேன். நினைத்தது மட்டுமில்லை, வீட்டிலும் அதையே சட்டமாக வைத்திருந்தேன்.

2022 ஜூலை 6. எங்கள் ஆதிகேசவப் பெருமாளுக்கு 418 ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம். ஊரே கொள்ளவில்லை. நின்று நின்று கும்பிட்டு வீடு வந்து சேர்ந்தபோது மனைவி திண்ணையில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்தாள். "பஞ்சு மேல நிக்கமாதிரி இருக்கு, காலுக்கு என்னவோ பண்ணுதுல்லா" என்றாள். "காலையிலிருந்து நின்றால் யாருக்கும் அப்படித்தான்" என்றேன். சில மாதம் கழித்து ஒரு நாள் அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குப் போனவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி வந்தாள். மற்றது வழியிலே கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. சிரித்தோம். இரவில் கரண்ட் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வெளிச்சத்தில் சரியாக நடப்பாள். எதையெடுத்தாலும் மறதி, அலுப்பு. நான் ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மாத்திரை போட்டாயா?" போட்டாள். நான் எடுத்துக் கொடுத்த மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. "அப்போ எல்லாச் சத்தும் இருக்கிறது, இது வயசு" என்று நானே தீர்ப்பு எழுதிக் கோப்பை மூடிவிட்டேன்.

கோயில் படியில் தடுமாறி முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பிறகுதான், 2023 அக்டோபரில், ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். இளைய வயது. காலில் ஏதோ கம்பி மாதிரி வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். கட்டைவிரலில் தெரியவில்லை என்றாள். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தாள், நான் பிடித்துக்கொண்டேன். பிறகு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12-க்கு மேல். நான் திருப்தியாகத் தலையாட்டினேன். அடுத்த தாளில் பி12 இருந்தது: 112. குறைந்தபட்சம் 200 இருக்கவேண்டுமாம்.

"தினமும் சத்து மாத்திரை கொடுக்கிறேனே டாக்டர்" என்று பையிலிருந்து பட்டையை எடுத்து நீட்டினேன். அலுவலகத்தில் ஆதாரத்தோடு பதில் மெமோ கொடுப்பவன் மாதிரி. அவர் பட்டையின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். மீன், முட்டை சாப்பிடுவார்களா? இல்லை, பிறந்தது முதல் தொட்டதில்லை. பால், தயிர்? பால் வயிற்றைப் பிடிக்கிறதென்று விட்டு நாளாயிற்று. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை? ஆறேழு வருடமாகத் தினமும்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பி12 செடிகொடியில் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். வயது ஏற ஏற அமிலம் குறையும். நெஞ்செரிச்சல் மாத்திரை இன்னும் குறைக்கும். பிரிந்து வந்தாலும் உடம்புக்குள் ஏற, இரைப்பையே சுரக்கும் வேறொரு பொருள் துணைக்கு வரவேண்டும். அதுவும் சிலருக்கு வயதில் வற்றிப்போகும். அப்போது சத்து மாத்திரையில் இருக்கும் துளியூண்டு பி12-இல் நூற்றில் ஒரு பங்குதான் ஒட்டும், மற்றதெல்லாம் வழியோடு போய்விடும்.

அதுவரை எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைக் குத்தியது. அதே மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அது நன்றாக ஒட்டும். பி12 குறைந்தால் வழக்கமாக ரத்தசோகை வந்து முகம் வெளுத்து, யாராவது பார்த்து டாக்டரிடம் போகச் சொல்வார்கள். ஃபோலிக் அமிலம் அந்த ரத்தசோகையைச் சரிக்கட்டிவிடும். நரம்பை அது காப்பாற்றாது. ரத்தம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டிக்கொண்டே உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டு போகும். அவளுடைய 12-ஐப் பார்த்து நான் தலையாட்டினேனே, அந்த 12-ஐ உண்டாக்கியதில் நான் தினமும் காலையில் நீட்டிய மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். டாக்டர் "இருக்கலாம்" என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

(ஃபோலிக் அமிலத்தைக் குறை சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் ஒரு குழு 1940-களில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. கருவுற்ற பெண்களுக்கு அது தேவை, அதில் இரண்டு கருத்து இல்லை. யாருக்கு, எப்போது என்பதுதான் கேள்வி.)

எனக்குப் பி12 எவ்வளவு என்று நானும் பார்த்தேன். 400-க்கு மேல். காரணம் மாத்திரை என்று அப்போதும் சொல்லிக்கொள்ள ஆசை. உண்மை வேறு. வாரத்தில் இரண்டு நாள் மார்த்தாண்டத்துக்கு 'வேலையாக' போகிறேன் என்று கிளம்பி ஒரு மெஸ்ஸில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வருபவன் நான். இது மனைவிக்குத் தெரியாது என்று பத்து வருடமாக நினைத்திருந்தேன். ரத்த முடிவைப் பார்த்து, "அப்போ சாளையில சத்து உண்டுதான்" என்றாள் அவள்.

அதன் பிறகு மூன்று மாதம் நான் படிப்பதே வேலையாக இருந்தேன். தங்கை மகனுக்கு எழுதி, பிரெஞ்சில் கிடைப்பதையெல்லாம் அனுப்பச் சொன்னேன். "அங்கே எல்லோரும் போடுறாங்க" என்றானே, அவர்கள் நாட்டிலேயே இதை நன்றாகச் சோதித்திருக்கிறார்கள். 'சுவிமாக்ஸ்' என்று பெயர். 1994-இல் தொடங்கி 13,017 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சி, ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம் அடங்கிய மாத்திரை, மறுபாதிக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது அவருக்கே தெரியாது. ஏழரை வருடம். 2004-இல் முடிவு வந்தது. இதய நோயில் வித்தியாசம் இல்லை. பெண்களுக்குப் புற்றுநோயில் வித்தியாசம் இல்லை. ஆண்களுக்கு மட்டும் புற்றுநோய் 31 சதவீதம் குறைந்தது. இதைப் படித்தவுடன் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்தில் விளக்கம் இருந்தது: அந்த ஆண்களுக்கு ஆரம்பத்திலேயே ரத்தத்தில் இந்தச் சத்துகள், குறிப்பாக பீட்டா கரோட்டின், பெண்களைவிடக் குறைவு. காய், பழம் சாப்பிடாதவர்கள். குறை இருந்த இடத்தில் வேலை செய்தது. மாத்திரையை நிறுத்திச் சில வருடம் பின்தொடர்ந்தபோது அந்தப் பலனும் மறைந்துவிட்டது.

அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டிய 14,641 ஆண் டாக்டர்களை வைத்து, முழு மல்டிவைட்டமின் மாத்திரையையே பத்து வருடத்துக்கு மேல் சோதித்தார்கள். 2012-இல் முடிவு. மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. புற்றுநோய் 8 சதவீதம் குறைந்தது. எட்டு சதவீதம் என்றால் பெரிதாகத் தோன்றும். குமாஸ்தா கண்ணால் பார்த்தால், ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 18 பேர் என்பது 17 பேர் ஆயிற்று. ஒன்றுமே இல்லை என்று தள்ளமாட்டேன். அந்த ஒருவர் யாரோ ஒருவருடைய கணவர். ஆனால் மற்ற 999 பேருக்கு மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

2024-இல் வந்தது இன்னும் பெரிது. பெரிய நோய் எதுவும் இல்லாத 3,90,124 அமெரிக்கர்களை இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த கணக்கு. தினமும் மல்டிவைட்டமின் போட்டவர்கள் போடாதவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், போட்டவர்கள் பொதுவாகப் படித்தவர்கள், காய்கறி தின்பவர்கள், புகைக்காதவர்கள். எங்கள் ஊரில் விடிகாலை வெள்ளை ஷூ போட்டு நடக்கிறார்களே, அந்த ரகம். அவர்கள் நன்றாக இருப்பதைப் பார்த்துத்தான் மாத்திரைக்கு நல்ல பெயர் வந்தது. இந்த மற்ற விஷயங்களையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்தபோது மாத்திரையின் பங்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது நியாயமான குறிப்பு ஆகாது. அறுபது தாண்டியவர்களை வைத்து அண்மையில் அமெரிக்காவில் நடந்த 'காஸ்மாஸ்' என்ற சோதனையில், தினம் மல்டிவைட்டமின் போட்டவர்களுக்கு நினைவாற்றல் தேய்வது சற்று மெதுவாயிற்று, ஏறக்குறைய இரண்டு வயது இளமை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முன்னால் சொன்ன டாக்டர்கள் சோதனையில் அப்படி எதுவும் தெரியவில்லை. என் சொந்த எண்ணம், அந்த வயதில் பலருக்குச் சத்துக் குறை சத்தமில்லாமல் இருக்கும், அதைத்தான் அது நிரப்பியிருக்கும் என்பது. எண்ணம்தான், நிரூபணம் இல்லை.

கெடுதலும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்து, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று நம்பி, சிலருக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-இல் பார்த்தால், அதைச் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட்டில் இருப்பதுதானே என்று நாம் நினைக்கிறோம். பி6 அளவுக்கு மீறிப் பல மாதம் போனால் கால் நரம்பையே மரக்கச் செய்யும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், கே சத்து உள்ள மாத்திரையைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஒரு சனிக்கிழமை பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துக் கூட்டினேன். எனக்குப் பதினோரு வருடம், அவளுக்கு ஏழு வருடம், எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய்ச் சொச்சம். வேண்டாத பி2 சத்து சிறுநீரில் மஞ்சளாக வெளியே போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மஞ்சளைப் பார்த்து 'மாத்திரை வேலை செய்கிறது' என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். பணம் போனதில் வருத்தம் இல்லை. கும்பாபிஷேகத்திலிருந்து அந்த அக்டோபர் வரை பதினைந்து மாதம். அதைக் கூட்டிப் பார்க்க நோட்டு தேவைப்படவில்லை.

ஊசி முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. மூன்றாவது மாதத்தில் அலுப்பு போயிற்று. மறதியும் பெரும்பாலும் போயிற்று, நான் எதையெல்லாம் மறந்தேன் என்று பட்டியல் போடுகிற அளவுக்கு. இருட்டில் சுவரைப் பிடிப்பதில்லை. நெஞ்செரிச்சல் மாத்திரையை டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினாள். இரவு சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றினோம், அது ஒன்றும் தெரியவில்லை. இடது கால் கட்டைவிரலும் அடுத்த விரலும் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. திரும்புமா என்று கேட்டேன். "சீக்கிரம் வந்திருந்தால்..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கடைக்காரத் தம்பிக்கு என்ன சொல்வது? உனக்கு இருபத்தைந்து வயது, மத்தியானம் மீன், கூட ஒரு கீரை, மாலையில் இரண்டு மட்டிப்பழம். உனக்கு அந்தப் பட்டை வேண்டாம். கேட்டு வருகிற கிழவர்களிடம், "கால் மரக்கா, சைவமா, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவை, ஆம் என்றால் முதலில் ரத்தம் பார்த்து வரச் சொல் என்றுதான் சொல்லவேண்டும். வியாபாரம் கெடும் என்பான். கெடாது. அதே கடையில்தான் நான் இப்போது மாதாமாதம் பி12 ஊசி வாங்குகிறேன். அவனுக்கு அது வேறு மருந்து, அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்து அவன் யோசித்ததில்லை. நானே யோசிக்கவில்லையே.

பழைய பட்டையில் மிஞ்சின ஆறு மாத்திரை இன்னும் பூஜை அலமாரியின் கீழ்த் தட்டில் கிடக்கிறது. எறிய எடுத்தேன், மனைவி, "இருக்கட்டும், நீங்க அதைப் பாக்கணும்லா" என்று திரும்ப அங்கேயே வைத்துவிட்டாள்.